மியூசிக் சர்வருக்கு ஒரு டிசி கேபிள்

மியூசிக் சர்வர் என்றால் பாட்டுக் கோப்புகளைச் சேமித்து ஒலிக்கவிடும் கருவி. அதன் பவர் சப்ளைக்குச் சுவர் பக்கம் 230 வோல்ட். அந்தக் கேபிளை சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் (பாதுகாப்பு முத்திரை) பார்த்துக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். பவர் சப்ளையிலிருந்து சர்வருக்குப் போகும் டிசி (ஒரே திசை மின்சாரம்) கேபிளைத்தான் நான் வீட்டில் செய்கிறேன். சாமான்கள் சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும். பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள்: பிளக்கின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு வகை. 2.5 பிளக் 2.1 சாக்கெட்டிலும் நுழையும், ஆனால் ஆடும். பாட்டு நடுவில் சர்வர் அணைந்துபோகும்.

18 கேஜ் தடிமனில் செம்புக் கம்பி, முடிந்தவரை குட்டையாக. சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) வைக்கும் முன்பே பிளக் மூடியையும் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கம்பியில் கோத்துவிடுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறிப் பளபளக்க வேண்டும். உருண்டையாக மேலே நின்றால் மறுபடி சூடு காட்டுங்கள். அப்புறம் மல்டிமீட்டர் (மின் அளவைக் கருவி) வைத்துப் பாருங்கள். நடுமுனை பாசிட்டிவா என்று சர்வரின் பின்னால் அச்சிட்ட குறியோடு ஒப்பிட்டுவிட்டுச் செருகுங்கள்.