புகை சர்டிபிகேட் எடுக்குறது எப்படி? புதுசா வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆர்சி இருக்கு, லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் கட்டியாச்சு, ஆனா பொல்யூஷன் சர்டிபிகேட் பத்தி மட்டும் ரோட்டுல போலீஸ் நிறுத்திக் கேக்குற வரைக்கும் நிறைய பேருக்கு ஞாபகமே வராது. தமிழ்நாட்டுல பைக்கோ காரோ புதுசா ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்காக இத ஆரம்பத்துல இருந்து எழுதுறேன். இதுல பெரிய வேலை ஒண்ணும் இல்ல, ஆனா சரியா செஞ்சா உங்க இன்ஜின் எப்படி இருக்குன்னும் தெரியும், உங்க பின்னாடி சிக்னல்ல நிக்கிறவங்க மூச்சுக்கும் நல்லது.

படி 1: உங்க வண்டிக்கு இப்ப வேணுமா வேணாமான்னு பாருங்க

1989ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 115வது விதி தான் இதுக்கு அடிப்படை. வண்டி முதல்ல ரிஜிஸ்டர் ஆன தேதியில இருந்து ஒரு வருஷம் வரைக்கும் சர்டிபிகேட் தேவையில்ல, அது முடிஞ்ச மறுநாள்ல இருந்து கையில இருந்தே ஆகணும். பேட்டரி வண்டிக்கு புகையே கிடையாதுங்கிறதால இது பொருந்தாது.

பிஎஸ்-4, பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ், அதாவது வண்டி எவ்வளவு புகை விடலாம்னு அரசு வச்சிருக்குற தரநிலை) வண்டின்னா ஒரு தடவ எடுத்தா ஒரு வருஷம் செல்லும், அதுக்கு முந்தின பழைய வண்டிக்கு ஆறு மாசம் தான். உங்க வண்டி எதுல வருதுன்னு ஆர்சியில பாத்துக்கலாம். மேலோட்டமா சொல்லணும்னா 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்-6, 2017 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்-4. சென்னையில மட்டும் காருக்கு 2010லயே பிஎஸ்-4 வந்துடுச்சு, அதனால செகண்ட் ஹேண்ட்ல சென்னை ரிஜிஸ்ட்ரேஷன் கார் வாங்கினவங்க வருஷத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாம ஆர்சிய ஒரு தடவ பாத்துடுங்க.

படி 2: போறதுக்கு முன்னாடி வண்டிய தயார் பண்ணுங்க

இந்த படிய தான் எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. ஏர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருந்தா இன்ஜினுக்கு காத்து பத்தாது, பெட்ரோல் முழுசா எரியாது, அப்ப கார்பன் மோனாக்சைடு ஏறிடும். ஸ்பார்க் பிளக் வீக்கா இருந்து மிஸ்ஃபயர் ஆனா எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியா வெளிய வரும், அது ஹைட்ரோகார்பன் கணக்குல ஏறும். கார்புரேட்டர் வண்டியா இருந்தா மெக்கானிக்கிட்ட ஐட்லிங்கும் (ஆக்சிலரேட்டர் கொடுக்காம இன்ஜின் ஓடுற வேகம்) மிக்சரும் (பெட்ரோல், காத்து கலவை) ஒரு தடவ செட் பண்ண சொல்லுங்க.

புகையோட நிறத்தையும் கவனிங்க. கருப்பா வந்தா எரிபொருள் அதிகமா போகுது இல்ல காத்து கம்மியா போகுது. நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது, அதுக்கு பிஸ்டன் ரிங் இல்ல வால்வ் சீல் பக்கம் பாக்கணும். காருல இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறமும் வெள்ளையா கெட்டியா வந்துட்டே இருந்தா கூலன்ட் உள்ள கசியுதோன்னு பாக்க சொல்லுங்க. புகையே தெரியலையே, என் வண்டி சுத்தம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மெஷின் வச்சு பாத்தா தான் தெரியும்.

வீட்டுப் பக்கத்துலயே சென்டர் இருந்தாலும் வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டி சூடாக்கிட்டு போங்க. குளிர்ந்த இன்ஜின்ல, புகை வெளிய போற வழியில நச்சு வாயுவ குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவே ஆரம்பிச்சிருக்காது, நல்ல வண்டி கூட ஃபெயில் ஆகலாம். டீசல் வண்டின்னா ஆயில் லெவலும் டைமிங் பெல்ட்டும் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க, ஏன்னா டெஸ்ட்ல ஆக்சிலரேட்டர முழுசா பல தடவ அமுக்குவாங்க.

படி 3: சென்டருக்கு போங்க

பெரும்பாலும் பெட்ரோல் பங்க்லயோ அது பக்கத்துலயோ இருக்கும். போக்குவரத்து துறை அங்கீகாரம் கொடுத்த சென்டரான்னு போர்டுல பாருங்க, கட்டணமும் எழுதி வச்சிருக்கணும். ஆர்சி எடுத்துட்டு போங்க, மொபைலும் கையில இருக்கட்டும், ஏன்னா சர்டிபிகேட்ல ஓனரோட மொபைல் நம்பர பதிவு பண்றது கட்டாயம்.

பெட்ரோல் வண்டின்னா ஐட்லிங்ல ஓட விட்டு சைலன்சருக்குள்ள ஒரு குழாய விடுவாங்க, அந்த வாயுவ மெஷின் உறிஞ்சி அளக்கும். டீசலுக்கு வேற மெஷின், அது புகை எவ்வளவு வெளிச்சத்த மறைக்குதுன்னு அளக்கும், அதனால தான் ஆக்சிலரேட்டர மறுபடி மறுபடி அமுக்குறாங்க.

குழாய் உண்மையிலேயே சைலன்சருக்குள்ள போச்சான்னு நீங்களே நின்னு பாருங்க. வண்டியே வராம வெறும் நம்பர சொல்லி சர்டிபிகேட் வாங்குற பழக்கம் ரொம்ப நாளா இருந்துச்சு, அத தடுக்க தான் தமிழ்நாட்டுல 2024 மே மாசத்துல இருந்து புது சாஃப்ட்வேர் கொண்டு வந்தாங்க, சென்டர் இருக்குற எடத்துலயே ஜிபிஎஸ்ஸோட வண்டிய ஃபோட்டோவும் வீடியோவும் எடுத்து ஏத்தணும். யாராவது வண்டி வேணாம் சார் நம்பர் மட்டும் சொல்லுங்கன்னு சொன்னா அங்க எடுக்காதீங்க, அப்படி ஒவ்வொருத்தரும் எடுக்குற பேப்பர் தான் நம்ம தெருவுல கருப்பு புகைய கக்கிட்டு போற லாரிக்கும் லைசென்ஸ் மாதிரி ஆகிடுது.

படி 4: கையில வந்த பேப்பர படிங்க

மடிச்சு பர்ஸ்ல வைக்கிறதுக்கு முன்னாடி அதுல இருக்குற ரெண்டு நம்பர பாருங்க. ஒரு பக்கம் உச்சவரம்பு, இன்னொரு பக்கம் உங்க வண்டியோட அளவு இருக்கும். 2000க்கு அப்புறம் வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற கணக்கு) வரைக்கும் விடுவாங்க. பிஎஸ்-6 பைக்குக்கு அதுவே 0.5 சதவீதம், 500 பிபிஎம். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு 0.3 சதவீதம், 200 பிபிஎம். பழைய பைக்குக்கு எவ்வளவு தாராளமா விட்டிருக்காங்கன்னு இதுலயே தெரியும், அதனால பாஸ் ஆயிடுச்சுன்னு மட்டும் பாக்காம போன தடவைய விட நம்பர் ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பாருங்க. ஏறிட்டே வந்தா வரம்புக்குள்ள இருந்தாலும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க, மைலேஜும் அதோடவே குறைஞ்சிருக்கும்.

வண்டி நம்பர், தேதி, மொபைல் நம்பர் எல்லாம் சரியா இருக்கான்னு அங்கேயே பாத்துடுங்க. அப்புறம் மத்திய அரசோட பரிவாஹன் தளத்துல வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரோட கடைசி அஞ்சு எழுத்தும் போட்டா சர்டிபிகேட் வரும், வரலன்னா உடனே அந்த சென்டர்லயே கேளுங்க.

ஃபெயில் ஆனா?

பயப்பட ஒண்ணும் இல்ல. ஃபெயில் ஆன சீட்டு ஒண்ணு கொடுக்கணும், காரணம் அதுல இருக்கும், கேட்டு வாங்குங்க. அத மெக்கானிக்கிட்ட காட்டினா எங்க கை வைக்கணும்னு அவருக்கு தெரிஞ்சுடும், சரி பண்ணிட்டு மறுபடி டெஸ்டுக்கு போங்க. சத்தத்துக்காக சைலன்சர மாத்தினவங்க கவனிங்க: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த ஒரிஜினல் சைலன்சர் பக்கம் தான் இருக்கு, அத கழட்டிட்டா எவ்வளவு ட்யூனிங் பண்ணாலும் பிஎஸ்-6 வரம்புக்குள்ள வர்றது ரொம்ப கஷ்டம்.

ரோட்டுல நிறுத்தினா

பேப்பரா தான் இருக்கணும்னு இல்ல, 2018ல விதிய மாத்தி மொபைல்ல காட்டினாலும் போதும்னு ஆக்கிட்டாங்க, எம்பரிவாஹன் ஆப்ல உங்க வண்டிய சேத்து வச்சுக்கோங்க. சர்டிபிகேட் கையில இருந்தாலும் வண்டி புகைய கக்குதுன்னு அதிகாரிக்கு தோணிச்சுன்னா டெஸ்டுக்கு கொண்டு போக சொல்லி எழுத்துல உத்தரவு போடலாம். சப் இன்ஸ்பெக்டருக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் அந்த அதிகாரம் இருக்கு. போகாம விட்டா, சரியும் பண்ணாம விட்டா, ஆர்டிஓ ஆர்சியவே சஸ்பெண்ட் பண்ண முடியும்.

அபராதம் மோட்டார் வாகன சட்டத்தோட 190(2) பிரிவுல வருது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் இல்ல மூணு மாசம் வரைக்கும் சிறை இல்ல ரெண்டும், கூடவே மூணு மாசத்துக்கு லைசென்ஸும் போயிடும். அதோட ஒப்பிட்டா டெஸ்டுக்கு ஆகுற செலவு ஒண்ணுமே இல்ல.

இன்சூரன்ஸ் பத்தி குழப்பம் இருக்குறவங்களுக்கு

2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் புகை சர்டிபிகேட் இல்லாம இன்சூரன்ஸ புதுப்பிக்க கூடாதுன்னு சொல்லிச்சு. அதனால நிறைய வண்டி இன்சூரன்ஸே இல்லாம ஓட ஆரம்பிச்சு, விபத்துல அடிபட்டவங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கிறது சிக்கலாச்சு, அதனால 2024 ஜூலைல தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கு (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கானது) அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. இத கேட்டுட்டு இனிமே சர்டிபிகேட்டே வேணாம்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு. மாறினது இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறதுக்கான நிபந்தனை மட்டும் தான், 115வது விதியும் 190(2)ம் அப்படியே தான் இருக்கு.

சர்டிபிகேட் முடியுற தேதிய இப்பவே மொபைல் காலண்டர்ல போட்டு, அதுக்கு பத்து நாள் முன்னாடி ஒரு ரிமைண்டரும் வச்சிடுங்க. ஃபெயில் ஆனா கூட சரி பண்ணிட்டு மறுபடி போக நேரம் இருக்கும்.