அம்மாவுக்கு வெந்நீர், எங்களுக்குப் பனிச்சறுக்கு: நோசாவா ஒன்சென் பயணத் திட்டம்

எனக்கும் மகனுக்கும் பனிச்சறுக்கு வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு வெந்நீர் ஊற்று. இரண்டுக்கும் தனித்தனி ஊர் தேடியதில் திட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஜப்பானின் நாகானோ மாநிலத்திலுள்ள நோசாவா ஒன்சென் கிராமம்தான் அதைத் தீர்த்தது ('ஒன்சென்' என்றால் வெந்நீர் ஊற்று).

டோக்கியோவிலிருந்து ஹொக்குரிக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஈயாமா நிலையம். அங்கிருந்து பேருந்தில் அரை மணிக்குள் கிராமம். சறுக்குப் பலகைகளை முன்கூட்டியே தக்யூபின் என்ற பார்சல் சேவையில் விடுதிக்கு அனுப்பினேன். அம்மாவைப் பிடித்து நடத்த என் கை காலியாக இருக்க வேண்டுமே!

தேதிதான் கடினமாக இருந்தது. ஜனவரி 15 அன்று தோசோஜின் தீத் திருவிழா. அதையொட்டி அறை கிடைக்கவே இல்லை. மாதக் கடைசி வார நாட்களுக்கு மாற்றியதும் கிடைத்தது, அதுவும் ஊர் நடுவே ஓயு குளியல் கூடத்துக்குப் பக்கத்தில். பனி உறைந்த சரிவுத் தெருக்களில் அம்மா அதிகம் நடக்கக் கூடாது என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊரில் இப்படி 13 பொது வெந்நீர்க் குளியல் கூடங்கள். ஊர்மக்களே பராமரிக்கிறார்கள், கட்டணமில்லை, உண்டியல் உண்டு, அவசியம் போடுங்கள். ஆண், பெண் தனித்தனி. உடையின்றித்தான் இறங்க வேண்டும். அம்மா முதலில் தயங்கினார். தண்ணீரோ கொதிக்கிற மாதிரி! காலிலிருந்து மேல்நோக்கி மெல்ல ஊற்றிப் பழக்கிய பிறகே இறக்கினேன், அதுவும் சில நிமிடங்கள்தான்.

ஓகாமா ஊற்றில் குளிக்க முடியாது. சுமார் 90 டிகிரி. ஊர்ப் பெண்கள் அதில் கீரை வேகவைப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.