போர்ட் சூடானில் வெளியில் சாப்பிடுவது எப்படி? புதிதாகச் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

செங்கடற்கரையில் உள்ள போர்ட் சூடானுக்குக் கப்பல் பணி, மருத்துவப் பணி, நிவாரணப் பணி என ஏதேனும் ஒரு காரணத்துக்காக முதன்முறை செல்பவர்கள், நல்ல உணவகம் ஒன்றின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஊரில் அந்தக் கேள்வி அதிகம் உதவாது. அங்குள்ள எளிய உணவுக்கடை பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தைச் செய்யும். அதையும் நாளின் குறிப்பிட்ட சில மணி நேரங்களில்தான் செய்யும். ஆகவே எந்தக் கடைக்குப் போவது என்பதைவிட, எந்த நேரத்தில் எந்தப் பண்டத்தைத் தேடுவது என்று தெரிந்துகொள்வதே பயனுள்ளது. இந்த விளக்கம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

படி 1: ஊரின் இன்றைய நிலையை அறிந்துகொள்ளுங்கள்

சவாக்கின் என்ற பழைய துறைமுகத்துக்கு மாற்றாக ஆங்கிலேயர் உருவாக்கி 1909இல் திறந்த நகரம் இது. 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் போர் வெடித்தபின், அரசு அலுவலகங்களும் தூதரகங்களும் ஐ.நா. அமைப்புகளும் இங்கு இடம்பெயர்ந்தன. அப்போது சூடானில் இருந்த இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி' மீட்புப் பணியின்கீழ் பெருமளவில் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் ஜெட்டாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். நெடுங்காலம் போரின் நேரடித் தாக்குதலுக்கு வெளியே இருந்த இந்நகரமும் 2025 மே மாதத்தில் ட்ரோன் தாக்குதல்களுக்கு உள்ளானது. எனவே புறப்படுமுன் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் அறிவுரையைப் படியுங்கள்; வந்து சேர்ந்தபின், மாலையில் எதுவரை வெளியில் இருக்கலாம் என்பதைத் தங்குமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: பணத்தை ஆயத்தப்படுத்துங்கள்

வெளிநாட்டு வங்கி அட்டையை நம்பி எந்தத் தெருக்கடையிலும் உட்கார வேண்டாம். உள்ளூர்வாசிகள் கார்ட்டூம் வங்கியின் 'பங்கக்' செயலி வழியாகப் பணம் செலுத்துகிறார்கள்; தேநீர்க்காரப் பெண்மணியிடம்கூட அதன் கணக்கு எண் இருப்பதைக் காணலாம். அங்குக் கணக்கு இல்லாத உங்களுக்கு ரொக்கம்தான் வழி. அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2024 நவம்பரில் புதிய ஆயிரம் பவுண்டு நோட்டை அறிவித்த சூடான் மத்திய வங்கி, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள மாநிலங்களில் பழைய 500, 1000 பவுண்டு நோட்டுகளை அவ்வாண்டின் இறுதியில் செல்லாதவையாக்கியது. பணம் மாற்றும்போதும் மீதி வாங்கும்போதும் நோட்டு புதியதுதானா என்று பாருங்கள்.

விலைகளை நான் இங்கு எழுதவில்லை. போருக்கு முன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 600 பவுண்டாக இருந்த மதிப்பு, அடுத்த ஓராண்டிலேயே வெளிச்சந்தையில் ஆயிரம் பவுண்டைத் தாண்டிச் சரிந்தது. இன்று எழுதும் விலை நீங்கள் படிக்கும் நாளில் பொருந்தாது. உட்காருமுன் 'பிக்கம்?' என்று கேட்டு விலையை அறிந்துகொள்வது வழக்கமான செயல்தான். அதை யாரும் தவறாக எண்ணுவதில்லை.

படி 3: முற்பகலில் ஃபூல் கடைக்குச் செல்லுங்கள்

சூடானியர் அதிகாலையில் ஒரு கோப்பைத் தேநீரும், எண்ணெயில் பொரித்த 'லகைமாத்' எனும் மாவு உருண்டைகளும் மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். 'ஃபதூர்' என்னும் முறையான காலை உணவை அவர்கள் உண்பது பத்து, பதினொரு மணியளவில்தான். ஏழு மணிக்கே பசியோடு தெருவில் இறங்குபவர் ஏமாந்து போவதற்குக் காரணம் இதுதான்.

ஃபதூருக்குரிய பண்டம் ஃபூல். மொச்சையைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு நிறப் பயற்றை, 'கித்ரா' எனும் குறுகிய வாயுள்ள பெரிய பாத்திரத்தில் இரவு முழுவதும் மெல்லிய தீயில் வேகவைத்திருப்பார்கள். கடைக்காரர் நீண்ட அகப்பையால் அதை ஒரு தட்டில் எடுத்து, கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகத்தால் உங்கள் கண்முன்னே மசித்துத் தருவார். வெறும் ஃபூல் மலிவானது. முதன்முறை சாப்பிடுபவர்கள் 'ஃபூல் முஸல்லஹ்' என்று கேட்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அப்போது அதன்மேல் வெங்காயம், தக்காளி, உப்புப் பாலாடைக்கட்டி, சீரகத்தூள், உதிர்த்த 'தஅமிய்யா' ஆகியவற்றைச் சேர்த்து, தாராளமாக நல்லெண்ணெயை ஊற்றித் தருவார்கள். தஅமிய்யா என்பது கொண்டைக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பொரித்த வடை. எள் விளைச்சலில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று சூடான் என்பதால், அங்கு எள்ளெண்ணெய் ஃபூலின் இன்றியமையாத பகுதியாகவே கருதப்படுகிறது. அதன் மணம் தமிழருக்குப் பழக்கமானதாகையால், புதிய ஊரின் முதல் உணவாக இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னும் எளிமையானது 'பூஷ்': ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஃபூல் வெந்த சாற்றை ஊற்றி, எண்ணெயும் வெங்காயமும் கலந்து பலர் ஒரே தட்டில் உண்பது. மாணவர்களும் தொழிலாளர்களும் பங்கு போட்டு வாங்கும் உணவு இது. இருவராகவோ மூவராகவோ சென்றால் தயங்காமல் கேளுங்கள்.

படி 4: பிற்பகலில் மீன்

'கதா' எனப்படும் மதிய உணவு மூன்று மணிக்குப் பிறகே நடைபெறுகிறது. போர்ட் சூடானில் அதற்கு மீனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாட்டின் பிற நகரங்களில் கிடைப்பது நைல் ஆற்று மீன், இங்கே கிடைப்பது பவளப்பாறைகளுக்கிடையே பிடிபட்ட கடல் மீன். சகாலா என்ற மீனவர் துறைப் பகுதியில் மீன் விற்பனையும் சமையலும் அருகருகே நடைபெறுகின்றன.

செய்முறை எளிது. முதலில் மீனைப் பாருங்கள்: கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், அழுத்தினால் சதை மீண்டெழுவதாகவும் இருக்க வேண்டும். பின்னர் எடைபோடச் சொல்லி, விலை பேசுங்கள். சமைக்கும் கூலி அதில் அடங்குமா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நாஜில் என்ற செந்நிறப் புள்ளி மீன் ஊரார் மிக உயர்வாகக் கருதுவது, விலையும் அதற்கேற்ப அதிகம். ஹாமூர் எனப்படும் களவா மீன் சதைப்பற்றுடன் இருக்கும். பொரித்துத் தருவதே பொதுவான முறை. உடன் எலுமிச்சை, ரொட்டி, 'ஷத்தா' எனும் மிளகாய்க் கலவை ஆகியவை வரும். ஷத்தாவைத் தனிக் கிண்ணத்தில்தான் வைப்பார்கள் என்பதால் காரத்தின் அளவு உங்கள் கையில் இருக்கிறது.

மீனுக்குப் பின் 'முக்பாஸா' கிடைக்குமா என்று விசாரியுங்கள். சூடான மெல்லிய ரொட்டியைத் துண்டுகளாக்கி, வாழைப்பழத்தோடும் தேனோடும் பிசைந்து தரும் இந்த இனிப்பு, செங்கடலின் எதிர்க்கரையான யேமனின் தொடர்பால் இவ்வூருக்கு வந்தது. கார்ட்டூமில் எளிதில் காண முடியாத இதைச் சாப்பிடாமல் இவ்வூரைவிட்டுப் புறப்படுவது பெரிய இழப்பு.

படி 5: ஸலாத்

இது காய்கறிக் கலவை அன்று. கிழக்குச் சூடானின் பேஜா மக்கள் கரியடுப்பின்மேல் கற்களைப் பரப்பி, அவை நன்றாகச் சூடேறியபின் ஆட்டிறைச்சியைக் கொழுப்போடு அவற்றின்மேல் இட்டுச் சுடும் முறைக்கு ஸலாத் என்று பெயர். இறைச்சியை எடைக்கணக்கில் வாங்க வேண்டும். இருவருக்கு அரைக் கிலோவில் தொடங்குவது போதுமானது. கற்கள் சூடேறுவதற்கும் இறைச்சி வேகுவதற்கும் நேரமாகும், அவசரப்படுத்தினால் உள்ளே வேகாத இறைச்சிதான் கிடைக்கும். மாலையில் செல்லுங்கள், கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் இந்நகரில், பகலில் அந்த அடுப்பருகே உட்காருவது கடினம்.

படி 6: ஜபனா குடிக்கும் முறை

ஸலாத்துக்குப் பிறகு 'ஜபனா' எனும் இஞ்சிக் காப்பி. ஊரின் மூலை முடுக்கெல்லாம் 'ஸித்த ஷாய்' எனப்படும் தேநீர்ப் பெண்மணிகள் ஒரு சிறு பெட்டி, கரியடுப்பு, கண்ணாடிப் புட்டிகளில் மசாலாப் பொருள்கள், கயிறு பின்னிய குட்டையான 'பன்பர்' இருக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு கடை நடத்துகிறார்கள். போரால் வீடிழந்து வந்த பெண்கள் பலர் இத்தொழிலைக் கொண்டே குடும்பத்தைக் காக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, பேரம் பேசாமல் கேட்ட தொகையைக் கொடுங்கள்.

தேநீர் வேண்டுமானால் பாலில்லாததற்கு 'ஷாய் ஸாதா', பாலுடன் வேண்டுமானால் 'ஷாய் பி லபன்' என்று கேளுங்கள். ஆனால் பேஜா மக்களின் ஊரில் காப்பிக்கே முதலிடம். கொட்டையை அங்கேயே வறுத்து, இஞ்சியோடு உரலில் இடித்து, கொதிக்கவைத்து, நாரால் வடிகட்டி, நீண்ட கழுத்துள்ள ஜபனாக் குடுவையிலிருந்து சிறு கிண்ணங்களில் ஊற்றுவார்கள். இஞ்சி மிகுதியாக இருக்கும். சர்க்கரையும் இயல்பாகவே அதிகம். குறைவாக வேண்டுமென்றால் 'ஸுக்கர் கஃபீஃப்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஊற்றியபின் மாற்ற வழியில்லை. ஒரு குடுவை என்பது பல கிண்ணங்கள். பேசிக்கொண்டே குடித்து முடிக்க வேண்டிய பானம் இது.

படி 7: தண்ணீரும் சைவ உணவும்

நகரின் முக்கிய நீராதாரமான அர்பாத் அணை 2024 ஆகஸ்டில் வெள்ளத்தில் உடைந்தது. அதே மாதத்தில் நாட்டில் காலராப் பரவலும் அறிவிக்கப்பட்டது. மேசைமீதுள்ள பொதுக் குவளையைத் தவிர்த்து, மூடி உடையாத புட்டி நீரையே குடியுங்கள். பனிக்கட்டி சேர்த்த பழச்சாறும் வேண்டாம். புளிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செம்பூவிலிருந்து எடுக்கும் 'கர்க்கதே' பானத்தைக் கொதிக்கவைத்துச் சூடாகக் கேட்டு வாங்கினால் அச்சமின்றிக் குடிக்கலாம்.

சைவம் உண்பவர்களுக்கு ஃபூல், தஅமிய்யா, 'அதஸ்' எனும் மைசூர்ப் பருப்புக் குழம்பு, 'அஸ்வத்' எனும் பொரித்த கத்தரிக்காயோடு நிலக்கடலை விழுது சேர்த்த கலவை ஆகியவை உண்டு. 'பிதூன் லஹ்ம்', அதாவது இறைச்சி இல்லாமல், என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காய்கறிக் குழம்புகளில் இறைச்சிச் சாறு கலந்திருப்பது வழக்கம். அது கலந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

படி 8: உட்கார்ந்தபின்

கையைக் கழுவிவிட்டு வலக்கையால் உண்ணுங்கள். இதில் நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் பகல் முழுவதும் உணவு கிடைப்பது அரிது, பொதுவிடத்தில் உண்பதும் முறையன்று. மது எந்தக் கடையிலும் கிடையாது. கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். துறைமுகத்தின் அருகிலும் படைவீரர்கள் இருக்குமிடத்திலும் கைபேசியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

பக்கத்துத் தட்டுக்காரர் 'இத்ஃபத்தல்' என்று சொல்லித் தம் உணவுக்கு உங்களை அழைப்பார். ஒரு வாய் எடுத்துக்கொண்டு 'ஷுக்ரன்' என்று சொல்லலாம், அல்லது நெஞ்சில் கைவைத்துப் பணிவாக மறுக்கலாம். நீங்கள் கவனிக்காதபோது உங்கள் காப்பிக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்க முயலாதீர்கள். அது அவரைப் புண்படுத்தும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கடைக்குச் சென்று, அவர் வருமுன்பே அவருடைய ஜபனாவுக்கான தொகையைப் பெண்மணியிடம் கொடுத்துவைப்பதுதான் அங்குள்ளோர் ஏற்கும் முறை.