மார்கழி ஓடையில் பாசி பார்ப்பது எப்படி?

மூணாறில் மார்கழி பிறந்தால் விடிகாலைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும், தேயிலைக் கொழுந்து கருகும். அந்தக் குளிரிலும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஓடுகிற ஓடையில் கால் வைத்தால் கல் வழுக்கும். அந்த வழுக்கலை அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடுகிறோம். அது உயிருள்ள பாசி. அதைக் கிட்டத்தில் பார்க்கலாம், வாருங்கள்.

வேண்டியவை: பழைய டூத் பிரஷ், வெள்ளைத் தட்டு, மூடியுள்ள பாட்டில், தெர்மாமீட்டர், ஒரு மைக்ரோஸ்கோப். காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும், அதுவே போதும்.

முதலில் இடம். துணி துவைக்கும் கல்லுக்கு மேல்பக்கம், வெயில் விழுகிற, கணுக்கால் அளவு தண்ணீர். தனியாகப் போகாதீர்கள். தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைப்பிடி அளவுக் கல் ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தேநீர்க் கறை போலப் பழுப்பாக மின்னினால் பெரும்பாலும் அது டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி. அதற்குள்ளும் பச்சையம் உண்டு. ஃபியூக்கோசாந்தின் என்ற நிறமி அதை மறைத்துவிடுகிறது. மேல்பக்கத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து, கொஞ்சம் ஓடைத் தண்ணீரால் தட்டில் கழுவுங்கள். முதல் தடவை நான் அழுத்தித் தேய்த்ததில் மணல்தான் வந்தது. பாட்டிலைப் பாதிதான் நிரப்ப வேண்டும். கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிடுங்கள். அடியில் பூச்சிக் குஞ்சுகள் குடியிருக்கும்.

அன்றைக்கே பாருங்கள். ஸ்லைடில் ஒரே ஒரு சொட்டு விட்டு, குமிழி வராமல் மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்குங்கள். படகு வடிவில் தெரிவது நாவிக்குலா என்ற டயாட்டமாக இருக்கலாம். லத்தீனில் சின்னக் கப்பல் என்று பொருள். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு, இரண்டு ஓரத்திலும் பொன்பழுப்புப் பட்டைகள், நடுவே மினுங்கும் எண்ணெய்த் துளிகள். அசையாமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். துடுப்பும் இல்லை, வாலும் இல்லை. ஆனாலும் மெல்ல வழுக்கி முன்னே போகும், நிற்கும், வந்த வழியே திரும்பும்.

ஏன் இந்த மாதம்? மழைக்கால வெள்ளம் கல்லைச் சுரண்டிவிடும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் வெளிச்சம் அடிவரை இறங்கும், பாசி தடிக்கும். ஆல்ப்ஸ், நார்வே ஓடைகளில் ஹைட்ரூரஸ் என்ற பாசி இதைவிடக் குளிர்விரும்பி. பனி உருகிய நீரில் பழுப்பாக, கொழகொழவென்று கெட்ட வாடையோடு வளரும். தண்ணீர் சூடானால் மறைந்துவிடும். அதை நம் ஓடையில் தேட வேண்டாம்.

சரி, பார்த்ததைப் பென்சிலால் வரைந்து, தேதியும் வெப்பநிலையும் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் வேறொரு கல்லை எடுங்கள்.