செம்மண் சரிவில் கிண்ண லைக்கன்: அடையாளம் காணும் முறை

மளிகைக் கடையில் மசாலாவுக்கு வாங்கும் கல்பாசி ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர். மண்ணில் சிறு கிண்ணம் ஏந்தி நிற்கும் கிளாடோனியாவும் அவ்வகையே. ஐரோப்பாவின் அமிலத்தன்மை மிகுந்த புதர்வெளிகளில் பரவலாக வளரும் இதைக் குமரி மாவட்டத்தில் தேட விரும்புவோர், கீரிப்பாறை, பாலமோர் போன்ற மலைப்பக்கங்களில், புல் மூடாத செம்மண் வெட்டுச்சரிவுகளிலிருந்து தொடங்கலாம். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஊசி, அளவுகோல், தண்ணீர்ப் புட்டி ஆகியவை போதும்.

கிண்ணத்தைக் கண்டதும் முடிவுக்கு வரக்கூடாது. மட்கிய ரப்பர்க் கட்டையில் நான் முதன்முதலில் 'கண்டுபிடித்தது' பறவைக்கூட்டுக் காளான். கிண்ணத்துள் முட்டைபோல் சிறு வில்லைகள் கிடந்ததை வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிய பிறகே கவனித்தேன். ஈரப்பாறையில் படர்ந்த பச்சை இலைத்தட்டின்மேல் கிண்ணம் இருந்தால் அது மார்கான்ஷியா என்னும் ஈரலுருத் தாவரம்.

அடுத்து, கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். கிளாடோனியாவாயின் தரையோடு ஒட்டிச் சிறு செதில்கள் இருக்கும். ஒன்றை ஊசியால் மெல்லத் திருப்பினால், மேற்புறம் சாம்பல் பச்சையாகவும் அடிப்புறம் வெண்மையாகவும் தெரியும். உலர்ந்திருக்கும்போது வெளிறிய நிறம், தண்ணீர் தெளித்ததும் பச்சையாக மாறும் என்பதால், நிறத்தை இரு நிலைகளிலும் குறித்துக்கொள்வது நல்லது.

இனி கிண்ணத்தின் பரப்பு. என் அனுபவத்தில் வடிவத்தைவிட இதுவே நம்பத்தக்கது. ஐரோப்பிய இனங்களில், அரிசிமாவு போன்ற நுண்பொடி மூடியிருந்தால் ஃபிம்ப்ரியேட்டா, ரவைபோல் இருந்தால் குளோரோஃபேயா, பொடியின்றி அவல் ஒட்டியதுபோல் தடித்த துணுக்குகள் இருந்தால் பிக்சிடேட்டா என்று பிரிப்பர். விளிம்பில் உள்ள கனியுடல், அதாவது பூஞ்சையின் வித்துகளை உண்டாக்கும் பகுதி, குங்குமச் சிவப்பாக இருந்தால், இம்மூன்றையும் விட்டுவிட்டு காக்சிஃபெரா என்னும் செங்கனி இனத்தின் கூட்டத்தில் தேட வேண்டும். இம்மூன்றிலும் அது பழுப்பாகவே இருக்கும்.

வேதிச்சோதனையைத் தொடக்கநிலையினர் தவிர்க்கலாம்: ஃபிம்ப்ரியேட்டாவைச் சிவக்கச் செய்யும் பாராஃபினிலீன்டைஅமீன், முடிச்சாயங்களிலும் சேர்க்கப்படும் நச்சுப்பொருள். சோதனை செய்யாதவரை என் குறிப்பேட்டில் 'கிளாடோனியா' என்ற பேரினப் பெயரோடு பொடியின் தன்மை, கனியின் நிறம், உயரம் ஆகியவற்றை மட்டும் எழுதி, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொள்கிறேன்.