காக்ளியர் இம்ப்ளான்ட்: உள்ளே பேட்டரி இல்லை என்பதை மறந்தால் வரும் தவறுகள்

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது காது கேளாதவர்களுக்கு ஆபரேஷன் மூலம் பொருத்தும் கேட்கும் கருவி. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருப்பது ஒரு கம்பிச்சுருள், வெளிக்கருவியை ஒட்டிப் பிடிக்க ஒரு காந்தம், ஒரு சிப், அதிலிருந்து உள்காதுக்குப் போகும் மின்முனைகள், அவ்வளவே. பேட்டரி கிடையாது. வெளியே மாட்டும் பிராசஸர் (ஒலியை மின்தகவலாக மாற்றும் கருவி), அதன் ‘காயில்’ எனும் கம்பிச்சுருள் மூலம்தான் ரேடியோ அலை வழியாக மின்சாரத்தையும் ஒலித் தகவலையும் சேர்த்துத் தோலைத் தாண்டி அனுப்புகிறது. அது வந்தால்தான் செவிநரம்பு தூண்டப்படும். தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் நடக்கிறது. பின்னாளில் கேபிள் அறுந்து பிராசஸர் அலமாரியில் கிடந்தால், உள்ளே இருப்பது வெறும் உலோகம்தான்.

இரண்டு சுருள்களும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். அடர்ந்த முடியால் காயில் நழுவுகிறதென்று பலமான காந்தத்தை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். அழுத்தத்தில் தோல் சிவந்து புண்ணாகும். அந்த இடத்து முடியை மட்டும் ஒட்டக் கத்தரித்தாலே பெரும்பாலும் போதும். காந்தத்தை மாற்றுவதை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) முடிவு செய்யட்டும்.

வெளியே மாட்டும் பிராசஸருக்குப் பேட்டரி வேண்டும்; ஆனால் 675 என்று எண் போட்ட பேட்டரி எல்லாம் ஒன்றல்ல. காது மெஷினுக்கான சாதாரண 675, தோலைத் தாண்டி மின்சாரம் தள்ளும் வேலைக்குத் திணறும். இம்ப்ளான்டுக்கென்றே வருவதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விடுங்கள். இந்த வகை பேட்டரி காற்றில்தான் வேலை செய்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது பிசியோதெரபி. மூட்டுவலி, தோள்வலி என்று போகிறவர்களுக்கு ‘கரண்ட் வைப்பது’ நம் ஊரில் சாதாரணம். அதில் உடலுக்குள் சூடு உண்டாக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மியும் உண்டு. அதுவும் ரேடியோ அலைதான். உடலுக்குள் இருக்கும் கம்பி, கேட்காமலே அந்தச் சக்தியை வாங்கிக்கொள்ளும். மின்முனை தொடும் திசு வெந்துபோகலாம். மூளைக்குள் ஸ்டிமுலேட்டர் (மின்தூண்டி) பொருத்தியவர்கள் டயாதெர்மிக்குப் பின் இறந்ததை அடுத்து அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2002-ல் எச்சரிக்கை விட்டது. “முழங்காலுக்குத்தானே”, “மெஷினைக் கழற்றிவிட்டேனே” என்பதெல்லாம் செல்லாது. வெளிக்கருவியைக் கழற்றலாம், உள்ளே இருக்கும் கம்பியைக் கழற்ற முடியாதே.

எம்.ஆர்.ஐ எடுக்கும் முன் மாடல் பெயர் உள்ள அட்டையைக் காட்டுங்கள். சிலவற்றில் காந்தத்தை எடுக்க வேண்டும், சிலவற்றில் தலையில் இறுக்கிக் கட்டினால் போதும், புதிய சிலவற்றில் காந்தம் தானே திரும்பிக்கொள்ளும்.

விலையை மட்டும் ஒப்பிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. பார்வை இழந்தவர்களின் விழித்திரைக்கு இதே முறையில் மின்சாரம் அனுப்பிய ஆர்கஸ் 2 கருவியை, அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் 2019-ல் தயாரிப்பதை நிறுத்தியது. உலகெங்கும் அதைப் பொருத்தியிருந்த 350-க்கும் மேற்பட்டவர்களுக்கு உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் கேள்விக்குறியாயின. கையெழுத்துப் போடும் முன் பிராசஸர், காயில், கேபிள் விலையையும், எத்தனை ஆண்டுக்கு அவை கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.