போன வருஷம் வாங்கியவரை இந்த வருஷமும் வாங்க வைப்பது: வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் விற்போருக்கு

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லெபோ பசாரிலும் தீபாவளிக் கடைக்கு வருகிறவர் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். வாட்ஸ்அப்பில் விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டுமே. அவர்களுடைய எண்களைத் தொலைத்துவிட்டு டிக்டாக்கில் புது ஆள் தேடுவது வீண் செலவு.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள், இலவசம்தான். அதில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) ஒன்றுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். பலர் தவறுவது இங்கேதான். உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். மற்றவர்களுக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். 200 பேருக்கு அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை என்று புலம்புவோர் முதலில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் தொட்டால் தெரிந்துவிடும்.

எண்ணைச் சேமிக்க வைக்க நல்ல நேரம், பணம் கட்டிப் பொருளுக்காகக் காத்திருக்கும் நேரம். அப்போது இப்படி அனுப்புங்கள்: 'அக்கா, பணம் வந்துடுச்சு, நன்றி. இந்த நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கோங்க, பார்சல் நம்பர் இதிலதான் வரும்.' காரணம் சொல்லிக் கேட்டால் செய்வார்கள். போத்தல் மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் எண் பெரிதாக இருக்கட்டும். போத்தல் வருஷம் முழுக்க அடுப்படியில் மிளகாய்த்தூளோடு உட்கார்ந்திருக்கும். உங்கள் விளம்பரமும் அங்கேயே இருக்கும்.

குரூப் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், போட்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்து அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போவார். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விளம்பரம் அனுப்பாதீர்கள் என்று ஒருவர் எழுத்து மூலம் சொன்னால் நிறுத்தியாக வேண்டும். சட்டத்தை விடுங்கள், வேண்டாம் என்றவருக்கு மறுபடி அனுப்பினால் அவர் உங்களை பிளாக் செய்வார், அவ்வளவுதான்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். தீபகற்பத்துக்குள் போகும் பார்சல்களில் கடைசியானது நவம்பர் 2க்குள் கிளம்ப வேண்டும். சபா, சரவாக் என்றால் அக்டோபர் 26. ஆர்டர் எடுப்பதை அக்டோபர் 25இல் மூடுங்கள். முதல் செய்தி செப்டம்பர் 27 வாக்கில் போகட்டும். பலருக்குச் சம்பளம் வந்திருக்கும். இரண்டாவது, அக்டோபர் நடுவில். மூன்றாவது, மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, இன்னும் ஆர்டர் கொடுக்காதவருக்கு மட்டும். ஆர்டர் கொடுத்தவருக்கும் 'கடைசி வாய்ப்பு' என்று போனால், நம்மை இவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை என்று நினைப்பார்.

முதல் செய்தி புரட்டாசியில் போகிறது என்பதை மறக்காதீர்கள். விரதம் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி முட்டை. அச்சு முறுக்கு மாவில் பெரும்பாலும் முட்டை சேரும். நெய் உருண்டையிலும் ஓமப்பொடியிலும் சேராது. ஒவ்வொரு படத்தின் கீழும் 'முட்டை உண்டு', 'முட்டை இல்லை' என்று போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் குறையும். மலாய் நண்பர்களுக்கும் அலுவலகத்துக்கும் வாங்குபவர்கள் ஹலால் பற்றிக் கேட்பார்கள். சேர்பொருள்களை முழுதாக எழுதுங்கள். ஆனால் ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) அல்லது மாநில சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் 'ஹலால்' என்று நீங்களாகவே போட்டுக்கொள்ளக் கூடாது, அது குற்றம்.

போன வருஷம் வாங்கியவருக்குப் பொதுச் செய்தியை விடத் தனிச் செய்தி பல மடங்கு வேலை செய்யும்: 'வணக்கம் அக்கா, போன தீபாவளிக்கு 2 போத்தல் அச்சு முறுக்கும் 1 நெய் உருண்டையும் எடுத்திருந்தீங்க. இந்த வருஷமும் அதே போட்டுடவா?' இதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். 60 பேருக்குத் தனித்தனியாக அனுப்ப ஒரு மாலை பிடிக்கும். அந்த மாலையை வேறெதற்கும் கொடுக்காதீர்கள்.

விலையை மறைக்காதீர்கள்

'விலைக்கு பி.எம்.', அதாவது விலை தெரியத் தனிச் செய்தி போடுங்கள் என்று எழுதுவது நம்மூர் விற்பனையாளர்களின் பழைய வியாதி. மலேசிய மின்வணிக விதிமுறைகள்படி முழு விலை, அனுப்பும் செலவு, விற்பவரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும். செயலியின் கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) ஒவ்வொரு பொருளுக்கும் கிராம் கணக்கு, விலை, கெடாமல் இருக்கும் நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு 'குவிக் ரிப்ளை' (முன்கூட்டியே எழுதி வைத்த பதில்) அமைத்துவிட்டால், ஒரு சாய்கோடு தட்டியதும் பதில் வந்து நிற்கும்.

அனுப்பும் செலவில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். சில இடங்களில் 6000. அப்படி வரும் கிலோ கணக்கையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு. 40க்கு 30க்கு 25 பெட்டி என்றால், 5000ஆல் வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருப்பது இரண்டரை கிலோவாக இருந்தாலும் 6 கிலோவுக்குத்தான் கட்ட வேண்டும். முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், அதற்கேற்ற போத்தலைப் பிறகு வாங்குங்கள். பினாங்கில் தீவிலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் வாடிக்கையாளர் இருந்தால், பாலம் தாண்டும் ஆர்டர்களை ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வெற்றிடம். வெளியே எத்தனை சுற்று பபிள்ராப் சுற்றினாலும், போத்தலுக்குள் முறுக்கு ஆடினால் தூளாகும். மூடியின் கீழ் எண்ணெய்த்தாளைச் சுருட்டி அடைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. சூடு முழுதாக ஆறுமுன் மூடினால் ஆவி உள்ளேயே நின்று நமத்துப்போகும்.

பணமும் பேச்சும்

பாதிப் பணம் முன்பணம். டூயிட்நவ் கியூஆர் (வங்கிச் செயலியில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் குறியீடு) கொடுங்கள். ரசீதுப் படம் வந்ததும் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள், போலி ரசீதுகள் தாராளமாகச் சுற்றுகின்றன. உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே 'பணம் வந்தது' லேபிளை ஒட்டுங்கள். வாங்குபவர்களுக்கும் பயம் உண்டு. கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். கடைப் பெயர் ஒன்று, கணக்கு இன்னொருவர் பெயரில் என்றால் தயங்குவார்கள். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) வணிகப் பெயரோடு பதிவு செய்ய வருஷத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), சொந்தப் பெயரில் 30. அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டால் இந்தத் தலைவலி போகும்.

வயதானவர்கள் குரல் செய்தி அனுப்புவார்கள். முழுதாகக் கேட்டு, ஆர்டரை எழுத்தில் திருப்பி அனுப்பி 'சரியா ஆன்ட்டி?' என்று கேளுங்கள். மூன்று போத்தலா முப்பதா என்ற சண்டை வராது. அவர் தமிழில் பேசினால் தமிழ், மலாய் என்றால் மலாய்.

ஃபேஸ்புக் விளம்பரம் போடுவதென்றால் கணக்கு வைத்துப் போடுங்கள். 70 வெள்ளி செலவில் 10 புது ஆர்டர் வந்தால் ஆளுக்கு 7 வெள்ளி. அந்த ஆர்டரில் லாபம் 6 வெள்ளி என்றால் நஷ்டம்தான். அவர் பொங்கலுக்கோ அடுத்த தீபாவளிக்கோ திரும்பி வந்தால் மட்டுமே அது சரியாகும்.

உடைந்து போனதாகப் படம் வந்தால் அன்றைக்கே பதில், புதுப் போத்தல் அல்லது பணம். வாதாட வேண்டாம். பாராட்டு வந்தால், அதைப் படமெடுத்துப் போடுமுன் அனுமதி கேட்டு, பெயரையும் எண்ணையும் மறையுங்கள்.

தீபாவளி முடிந்த வாரமே, நினைவு மங்கும் முன், ஒவ்வொருவர் பெயரோடும் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்: 'செந்தூல், 3 போத்தல், காரம் குறைவு, மருமகள் முட்டை சாப்பிட மாட்டார்.'